விதி பதினொன்று நீக்கப்பட்டது

பொதுக்கூட்டத்தில் அன்றைக்கு ஒன்பது விஷயங்கள். ஆறாவது, லிஃப்டில் நாயைக் கூட்டிக்கொண்டு ஏறலாமா என்பது. அதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. எட்டாவது, வண்டி நிறுத்தும் இடம். அதில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே போனார்கள், ஒருவரை மட்டும் சமாதானம் செய்து திரும்பக் கூட்டிவர முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் வந்த ஏழாவதற்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

பிளம்பரண்ணன் கடைசி வரிசையில் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வளாகத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் பிளம்பரண்ணன்தான். தண்ணீர்த் தொட்டி கழுவுவது மூன்றாவது விஷயம். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று செயலாளர் வரச் சொல்லியிருந்தார். யாரும் கேட்கவில்லை. பாதியில் எழுந்து போனால் மரியாதையாக இருக்காது என்று அப்படியே இருந்துவிட்டார்.

செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஏழு. நம்ம விதிப் புத்தகத்துல பதினொண்ணு. வழிக்கு வெளியில கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க, வழியை விட்டுப் போனவங்க வளாகத்துக்குள்ள வரக்கூடாது. அவங்களோட தொடர்பு வெச்சுக்கிற குடும்பம் வீட்டைக் காலி பண்ணிடணும். இது இந்தக் காலத்துக்குச் சரிப்பட்டு வராதுன்னு இளைஞர் குழுவுல சொல்றாங்க. நிர்வாகக் குழுவும் ஒத்துக்கிட்டிருக்கு. எடுத்துடலாமா? யாருக்காவது ஆட்சேபணை?"

முன்வரிசையில் ஒரு அம்மா மட்டும் கையைத் தூக்கினார். "வர்றவங்க நாயைக் கூட்டிட்டு வரலாமா?"

கூடமே சிரித்தது. செயலாளரும் சிரித்தார். "அது ஆறாவதுலயே முடிஞ்சு போச்சும்மா. சரி, ஆதரவா இருக்கிறவங்க கையைத் தூக்குங்க."

எல்லாக் கைகளும் மேலே போயின. மகன் முழங்கையால் இடித்தான். "அப்பா, தூக்குங்க." அவரும் தூக்கினார். எண்ணி முடித்து, ஒருமனதாக என்று எழுதிக்கொண்டார்கள். எல்லோரும் இறக்கிய பிறகும் அவர் கை மட்டும் மேலேயே நின்றது.

"பிளம்பரண்ணே, போதும், இறக்கிடுங்க. எண்ணியாச்சு" என்றார் செயலாளர். மறுபடியும் சிரிப்பு.

வீட்டுக்கு நடக்கும்போது மகன் சொன்னான், "நல்ல விஷயம்ப்பா. இனிமே அக்காவைக்கூட கூப்பிடலாம்."

நின்றுபோன பேப்பரை மறுபடியும் போடச் சொல்லலாம் என்பதுபோல அவன் சொன்னான்.

இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட வளாகம் அது. இருபத்தாறு வருடத்துக்கு முன் அது ஒன்றுமில்லாத பொட்டல் நிலம். பிள்ளைகள் கெட்டுப்போகாமல் வளர வேண்டும், அக்கம்பக்கத்தில் நம் ஆட்களே இருக்க வேண்டும் என்று தங்கள் மார்க்கத்தை வழி என்று சொல்லிக்கொள்கிறவர்கள் சேர்ந்து வாங்கிக் கட்டினார்கள். நடுவில் வழிபாட்டுக் கூடம், சுற்றி நான்கு மாடிக் கட்டடங்கள், பின்னால் சிறிய பள்ளி, அதற்கும் பின்னால் இறந்தவர்களை அடக்கம் செய்ய ஓர் ஏக்கர். முதல் குழாயிலிருந்து கடைசி வால்வு வரை பதித்தவர் பிளம்பரண்ணன். அதற்காகவே மோட்டார் அறையை ஒட்டிய கீழ்வீட்டை அவருக்குக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றால் பத்திரம் எழுதி அல்ல. எல்லோருக்கும் போலத்தான், வழியில் இருக்கும்வரை இருந்துகொள்ளலாம்.

அவருக்கு மூத்தது மகள், அடுத்தது மகன். மகள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். இருபத்துமூன்று வயதில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தான் தினமும் போய்வரும் பஸ்ஸை ஓட்டுகிறவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். பையன் வழிக்கு வெளியே. அவர் கத்தினார். மனைவி அழுதாள். மகள் இரண்டுக்கும் அசையவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

அவள் வீட்டைவிட்டுப் போன மூன்றாவது நாள் செயலாளர் வந்தார். அப்போது அவர் செயலாளர் இல்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த முப்பத்தைந்து வயதுக்காரர். கையில் ஒரு கோப்பு. செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"நாங்க யாரையும் கட்டாயப்படுத்தல அண்ணே. உங்க இஷ்டம்தான். போடலன்னா ஒரு மாசம் டைம் இருக்கு, மெதுவா வேற வீடு பார்த்துக்கலாம்."

தாளில் ஒரே வரி. இன்று முதல் எனக்கு இந்தப் பெயருடைய மகள் இல்லை. கீழே கோடு.

"வீட்டுல அவங்களும் போடணுமா?"

"வேணாம். குடும்பத் தலைவர் போட்டா போதும்."

சமையலறையில் மனைவி ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பேனாவைத் திறந்தபோது கத்திச் சத்தம் நின்றது. கையெழுத்துப் போட்டு முடித்து, அந்த மனிதர் கோப்பை மூடிய பிறகு மறுபடியும் ஆரம்பித்தது.

நான்கு வருடம் கழித்து மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவரை மகள் பெயரை எடுக்காதவள் படுத்த இரண்டாம் நாள் கேட்டாள்.

"ஏங்க, அவளை ஒரு தடவை பார்க்கணும்."

"பார்க்கலாம்" என்றார்.

மகனுக்கு வளாகத்திலேயே பெண் பேசி முடித்திருந்த நேரம் அது. மகள் உள்ளே காலை வைத்தால் அந்தக் கல்யாணம் நிற்கும். வீடு போகும். சாகக் கிடக்கிறவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்றும் யோசித்தார். யோசித்தது இதே வரிசையில்தான். பிறகு தனியாக உட்கார்ந்து எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் மனைவி கடைசியாகவே வந்தாள்.

யார் மூலமாகவோ செய்தி தெரிந்து மகள் தானே வந்து நின்றாள். காலை பத்து மணி. கேட்டிலிருந்து காவலாளி வீட்டுக்கு போன் செய்தார்.

"அண்ணே, உங்க... ஒருத்தங்க வந்திருக்காங்க. அம்மாவைப் பார்க்கணும்ங்கிறாங்க. என்ன சொல்லட்டும்?"

அவர் கட்டில் பக்கம் பார்த்தார். மனைவி கண்ணை மூடியிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அம்மா பார்க்க விரும்பலன்னு சொல்லிடுங்க."

போனை வைத்ததும் மனைவி கண்ணைத் திறந்தாள். "யாரு?"

கேட்டில் நிற்கிறாள் என்று சொன்னால் இவள் தவழ்ந்தாவது போய்விடுவாள். அவருக்கு அது நன்றாகத் தெரியும். சொன்னார்: "அவதான். நான் சொல்லி அனுப்பியிருந்தேன். வர மாட்டாளாம். இனிமே கூப்பிடாதீங்கன்னுட்டா."

மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் மோட்டார் அறைக்குப் போய், காற்று வரும் துவாரம் வழியாகப் பார்த்தார். மகள் கேட்டுக்கு வெளியே, நிழல் இல்லாத இடத்தில் நின்றிருந்தாள். ஒன்றரை மணி வரை நின்றாள். பிறகு பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மனைவி அதற்கப்புறம் பதினொரு நாள் இருந்தாள். ஒரு தடவைகூட மகளைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பொய்யைப் பற்றி அவர் மகனிடமும் சொல்லவில்லை.

பதினைந்து வருடம் அப்படியே போயிற்று.

கூட்டம் முடிந்த இரண்டாம் நாள் செயலாளர் வீட்டில் கூப்பிட்டார்கள். இரண்டு குளியலறைகளிலும் புது ஷவர் மாட்ட வேண்டும், வெந்நீருக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். செயலாளர் மனைவி பக்கத்திலேயே நின்று எங்கே எந்த உயரம் என்று சொன்னார்.

"ஆறு வாரத்துல பொண்ணுக்குக் கல்யாணம் அண்ணே. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க எல்லாம் இங்கதான் தங்குவாங்க. குளியலறையைப் பார்த்து நம்மளை எடை போட்டுடுவாங்க, பாருங்க."

"சந்தோஷம்மா. மாப்பிள்ளை எந்த பிளாக்?"

"ஐயோ, அவர் வெளி ஆளு அண்ணே. இவளோட ஆபீஸ்லயே இருக்காரு." இறக்குமதியான குழாயைக் காட்டுவதுபோல ஒரு பெருமை அந்தக் குரலில் இருந்தது.

பிளம்பரண்ணன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து வேலையை முடித்தார். அரைகுறையாக விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியாது. கையைக் கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது செயலாளர் அழைப்பிதழ்களில் முகவரி எழுதிக்கொண்டிருந்தார்.

"அதுக்குத்தான் எடுத்தீங்களா? பதினொண்ணை?"

செயலாளர் நிமிர்ந்தார். கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். "அதுக்கு மட்டும் இல்லண்ணே. அதுவும்தான். ஏன் மறைக்கணும்? காலம் மாறுது. நம்ம பிள்ளைங்க எல்லாம் வெளியிலதான் படிக்குது, வெளியிலதான் வேலை பார்க்குது. எத்தனை பேரை அனுப்புவோம்? வளாகமே காலியாயிடும்."

"அன்னைக்கு நான் கையெழுத்துப் போடலன்னா?"

"காலி பண்ணச் சொல்லியிருப்போம்." கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். "அன்னைக்கு அது சரி. இன்னைக்கு இது சரி."

"என் பொண்ணு போச்சே."

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க கட்டாயப்படுத்தவே இல்லையே? பி பிளாக் தையல்காரருக்கும் இதே தாளைத்தான் நீட்டினேன். முடியாதுன்னுட்டாரு. ஒரே வாரத்துல சாமானைக் கட்டிட்டு மகன்கூடப் போயிட்டாரு. நாங்க யாராவது தடுத்தோமா? நல்லாத்தான் இருக்காராம். போன மாசம்கூடப் பார்த்தேன், பேரப்பிள்ளையைத் தோள்ல தூக்கிட்டுப் போறாரு."

பிளம்பரண்ணன் கருவிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க விரும்பித்தான் போட்டீங்க" என்றார் செயலாளர், ஆறுதல் சொல்கிற குரலில். "அதுக்கு உங்களுக்குக் காரணம் இருந்திருக்கும். போகட்டும். இப்போ போய்க் கூட்டிட்டு வாங்க. வேணும்னா குழு சார்பா ஒரு வரவேற்புக் கடிதம் அடிச்சுத் தரேன்."

கடிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மகளைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. பழைய பல் டாக்டரிடம் போய்க் கேட்டார். மேசையில் இருந்த பெண் ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தாள். இரண்டு பஸ், நாற்பது நிமிடம். பத்தொன்பது வருடமும் அந்த நாற்பது நிமிடத் தூரத்தில்தான் மகள் இருந்திருக்கிறாள்.

ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் செயற்கைப் பல் செய்யும் இடம். சுவர் முழுக்கப் பலகைகளில் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு. மூலையில் ஒரு மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. நான்கு பேர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் முகமூடி போட்டு, சின்னச் சுடரில் கரண்டியைக் காட்டி மெழுகு உருக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. அவள் அம்மாவுக்கும் அங்கேதான் முதலில் நரைத்தது.

கரண்டியைச் சுடரிலிருந்து எடுத்தாள்.

"உக்காருங்க" என்றாள் பிறகு. "அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். இதுல உக்காருங்க."

உட்கார்ந்தார். பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்த எதுவும் வாய்க்கு வரவில்லை. "விதி பதினொண்ணை எடுத்துட்டாங்கம்மா."

"எந்த விதி?"

"அதான்... உன்னை உள்ள விடக்கூடாதுங்கிறது."

"ஓ" என்றாள். "அதுக்கு நம்பரெல்லாம் இருந்துச்சா?"

மெழுகை ஈறு மாதிரி வளைத்து ஒரு தாடையின் மேல் ஒட்டினாள். இரண்டு பிள்ளைகள் என்று சொன்னாள், அவர் கேட்டதால். பெரியவன் கல்லூரியில் படிக்கிறான். கணவர் இன்னும் பஸ்தான் ஓட்டுகிறார், முதுகு வலி. ஒரு கேள்விக்கு ஒரு பதில், அதற்கு மேல் இல்லை. பிறகு கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு முகமூடியைக் கீழே இறக்கினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இத்தனை வருஷமா கேக்க ஆளில்ல."

"கேளும்மா."

"அன்னைக்கு கேட்ல நின்னேன்ல. அம்மா என்னைப் பார்க்க விரும்பலன்னு சொன்னாரு காவலாளி. அதை அம்மா என்ன வார்த்தையில சொன்னாங்க? அது மட்டும் தெரியணும். நானா யோசிச்சு யோசிச்சு நூறு விதமா சொல்லிப் பார்த்துட்டேன். எதுவும் அவங்க வாய்க்குப் பொருந்தல."

அவர் தரையைப் பார்த்தார். சொல்லிவிட்டால் நெஞ்சில் கிடப்பது இறங்கிவிடும் என்று தோன்றியது. அதற்காகத்தான் வந்தோமோ என்றுகூட அந்தக் கணத்தில் தோன்றியது.

"அம்மா சொல்லலம்மா. நான்தான் சொன்னேன்."

மகள் சுடரை அணைத்தாள்.

"அவ உன்னைக் கேட்டா. ரெண்டு நாள் கேட்டா. நீ வந்து நிக்கிறேன்னு சொன்னா எழுந்து வந்துடுவா. அதனால... நீ வரமாட்டேன்னு சொல்லிட்டதா அவகிட்ட சொன்னேன்."

மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். மறுபடியும் யாரோ போட்டார்கள்.

"என்கிட்ட அம்மா வேணாம்னாங்கன்னு. அம்மாகிட்ட நான் வேணாம்னேன்னு" என்றாள் மகள், கூட்டல் சரிபார்க்கிற மாதிரி. "அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டா."

"எத்தனை நாள்?"

"பதினொரு நாள்."

"பதினொரு நாளும்? அப்படியேவா?"

"தம்பி கல்யாணம் இருந்துச்சும்மா. வீடு போயிருக்கும். எங்க போய் நிக்கிறது, அந்த நிலைமையில அவளை வெச்சுக்கிட்டு..."

"என் வீட்டுல ரெண்டு ரூம் இருந்துச்சு" என்றாள்.

அவருக்கு அது தோன்றியதே இல்லை. அன்றைக்கும் தோன்றவில்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் தோன்றவில்லை.

"இதை ஏன் இப்போ சொன்னீங்க?"

"நீ கேட்டியேம்மா."

"கேட்டா? பொய்தான் உங்களுக்கு நல்லா வருமே. இன்னொண்ணு சொல்லியிருக்கலாம்ல?" குரல் உயரவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர் மட்டும் எழுந்து வெளியே போனார். "அம்மா என்னை வெறுத்துட்டாங்கன்னு நான் பழகிட்டேன். கோபம் இருந்துச்சு. கோபத்தை வெச்சுக்கிட்டு பிள்ளைங்களை வளர்த்தேன், வேலை பார்த்தேன், அது நல்லாவே ஓடுச்சு. இப்போ என்ன பண்றது? அவங்க சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறதுதான் இனிமே எனக்கு. உங்களுக்குப் பாரம் இறங்கிடுச்சு, இல்ல?"

அவர் அழுதார். மகள் அழவில்லை. ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள், அவ்வளவுதான்.

"எங்க அடக்கம் பண்ணியிருக்கீங்க?"

"உள்ளதான். நம்ம இடத்துலயே."

"சனிக்கிழமை வரேன். காட்டுங்க."

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தாள், தனியாக. கேட்டில் இருந்தது ஒரு புதுக் காவலாளி. பார்வையாளர் புத்தகத்தை நீட்டினார்.

"யாரைப் பார்க்கணும்?"

"எங்கம்மாவை."

"எந்த வீடு?"

பிளம்பரண்ணன்தான் தன் வீட்டு எண்ணைச் சொன்னார். பார்வையாளர் என்று அச்சடித்த ஒரு ஒட்டுத் தாளைக் காவலாளி கொடுத்தார், தெரிகிற மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றார். தோளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டாள்.

செய்தி எப்படியோ பரவியிருந்தது. போகிற வழியில் மூன்று நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். அன்றைக்கு அவள் வெயிலில் நின்றபோது மாடியிலிருந்து பார்த்தவர்கள்தான். "வாம்மா வா, எப்படி இளைச்சுட்டே! இது உன் வீடும்மா, எப்போ வேணாலும் வரலாம்" என்று கையைப் பிடித்தார்கள். அவள் ஒவ்வொரு பிடியிலிருந்தும் கையை மெதுவாக உருவிக்கொண்டு நடந்தாள்.

அடக்க நிலத்தில் எல்லாக் கற்களும் ஒரே அளவு, ஒரே எழுத்து. ஆறாவது வரிசையில் அவள் அம்மாவின் கல். பெயர், இரண்டு தேதிகள், அதன் கீழே ஒரு வரி: அன்பு மனைவி, ஒரே மகனின் தாய்.

மகள் அதைப் படித்தாள். மறுபடியும் படிப்பது அவள் உதட்டில் தெரிந்தது. பிளம்பரண்ணனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதினைந்து வருடமாக ஒவ்வொரு வாரமும் வந்து துடைத்த கல். துடைத்துத் துடைத்து எழுத்தே கண்ணில் படாமல் போய்விட்டது. மகள் வரப்போகிறாள் என்று காலையில்கூட இலைகளைப் பெருக்கிவிட்டுத்தான் போனார்.

"கல்லு வெட்டுறவர் கேட்டாரு" என்றார். "எத்தனை பிள்ளைங்கன்னு."

"ஒண்ணுன்னு சொன்னீங்க."

"தாள்ல அப்படித்தானேம்மா கையெழுத்துப் போட்டிருந்தேன்."

மகள் தலையை ஆட்டினாள், புரிகிறது என்பதுபோல. குனிந்து அந்த வரியின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று அவருக்குக் கேட்கவில்லை. கேட்கக்கூடிய தூரத்தில்தான் நின்றிருந்தார், ஆனால் அவருக்குக் கேட்காத அளவுக்குத்தான் அவள் சொன்னாள்.

மகன் கையில் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தான். "அக்கா, வீட்டுக்கு வாக்கா. உன் தம்பி பொண்டாட்டி சமைச்சு வெச்சிருக்கா. பிள்ளைங்க அத்தையைப் பார்க்கணும்னு உக்காந்திருக்குங்க."

அவள் தம்பியின் கன்னத்தைத் தொட்டாள். "நீ குண்டாயிட்டேடா" என்றாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். தண்ணீரை வாங்கிக் குடித்தாள், அவன் போனில் தன் நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வரவில்லை.

கேட் வரை பிளம்பரண்ணன் கூடவே நடந்தார். "மறுபடி எப்போம்மா வருவே?"

"வரமாட்டேன். நீங்களும் அங்க வராதீங்க. போன் பண்ணாதீங்க."

"அப்பா வயசானவன்மா. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா..."

"தம்பிகிட்ட என் நம்பர் இருக்கு. அவன் சொல்லுவான். வருவேனா மாட்டேனான்னு அப்போ என்கிட்டயே நேரா கேட்டுக்கட்டும். நடுவுல நின்னு பதில் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க. அதனால சரியான பதில்தான் கிடைக்கும்."

ஒட்டியிருந்த தாளை உரித்துக் காவலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள்.

திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்குப் போய், கல்லில் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். செயலாளர் படித்துவிட்டு வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "கல்லை மாத்தணும்னா பொதுக்கூட்டத்துல வெக்கணும்ணே. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு ஒரு விதி இருக்கு. ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. அடுத்த கூட்டத்துல கண்டிப்பா சேர்த்துடறேன்."

அடுத்த கூட்டத்துக்குப் பதினொரு மாதம் இருந்தது.

செயலாளர் மகளின் கல்யாணம் வழிபாட்டுக் கூடத்தில் பகலில் நடந்தது. வெளி ஆட்கள் இருநூறு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள், கூடத்தைப் படம் எடுத்தார்கள். வளாகத்துக்காரர்கள் முந்திக்கொண்டு அவர்களுக்கு நாற்காலி போட்டார்கள். தண்ணீர் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பிளம்பரண்ணனுக்கு. ஆனாலும் கொஞ்ச நேரமாவது வந்து உட்காருங்கள் என்று மகன் புதுச் சட்டை போடவைத்துக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தான்.

சாப்பாட்டுக்கு முன் செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். கதவுகளைத் திறந்துவைத்த வளாகம் என்று சொன்னார். அன்புக்கு வெளியே உள்ளே என்று கிடையாது என்று சொன்னார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது.

"இந்த மாற்றத்தால என் குடும்பம் மட்டும் சந்தோஷப்படல. அதோ உக்காந்திருக்காரே, எங்க பிளம்பரண்ணன். பத்தொன்பது வருஷமாப் பிரிஞ்சிருந்த மகளோட போன மாசம் சேர்ந்துட்டாரு. மகள் வந்து, அம்மா சமாதியில கும்பிட்டுட்டுப் போனாங்க. அதைப் பார்த்தவங்க யாரும் மறக்க முடியாது. அண்ணே, ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்க."

அவர் மகனைப் பார்த்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். இதைச் செயலாளரிடம் சொன்னவன் அவன்தான். கொஞ்சம் அழகாக்கிச் சொல்லியிருக்கிறான்.

இல்லை, சேரவில்லை என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நானூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தெரியாத பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்ட ஆரம்பித்தார்கள். பிளம்பரண்ணன் இரண்டு கைகளையும் குவித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

அப்போது யாரோ முதுகில் தட்டினார்கள். "அண்ணே, மூணாவது மாடி பாத்ரூம்ல தண்ணி வரல. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க நிக்கிறாங்க."

மோட்டார் அறைக்கு வந்து சுவிட்சைப் போட்டுவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். தண்ணீர் ஏற ஆரம்பித்தது. கூடத்தில் கைதட்டல் முடிந்து பாட்டு போட்டுவிட்டார்கள். அவருடைய கைகள் மடியில் கிடந்தன. அந்தக் கைதட்டல் கேட்டபோது, அவ்வளவு பேர் தன்னைப் பார்த்துச் சிரித்தபோது, ஒரு கணம் அவருக்கு நன்றாக இருந்தது. அதை வெளியில் சொல்ல முடியாது. தன்னிடமே இல்லை என்று மறுக்கவும் அன்றைக்கு அவரால் முடியவில்லை.